ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

உங்கள் வீட்டில் பழைய டீசல் கார் ஒன்று இருக்கிறதா? கூடவே ஒரு ஸ்பானர் செட்டும் இருக்கிறதா? அப்படியானால் இரண்டில் ஒன்றை இன்றைக்கே கொண்டுபோய் யார் வீட்டிலாவது ஒளித்து வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல. அனுபவஸ்தன் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அம்பாசடர் நோவா. 1997 மாடல். 1489 சி.சி. டீசல் எஞ்சின். மிஞ்சிப் போனால் நாற்பது குதிரை சக்தி. அந்தக் குதிரைகளுக்கும் வயசாகிவிட்டது. 2014-ல் உத்தரப்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 'ஊரே நிறுத்திட்டான், நாம ஏன் இன்னும் ஓட்டணும்?' என்பது என் கட்சி. 'ஊர் நிறுத்தினா நாம நிறுத்தணுமா?' என்பது அப்பாவின் கட்சி.

அப்பாவுக்கு அது கார் இல்லை. பாளையங்கோட்டையில் டாக்ஸி ஸ்டாண்டில் பதினைந்து வருஷம் அந்த வண்டியோடு நின்றவர். குற்றாலம் சீசன், திருச்செந்தூர் முகூர்த்தம், கன்னியாகுமரி சூரிய உதயம் என்று ஊர் ஜனங்களை ஏற்றி இறக்கி, என்னை பி.காம். படிக்க வைத்தது அந்த வண்டி. அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்த வண்டி. மாப்பிள்ளை அழைப்புக்குப் போனதும் அதே வண்டிதான், வாடகை மிச்சம்! 2012-ல் டாக்ஸியை ஓன் போர்டாக மாற்றி, வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் வயசு எழுபதைத் தாண்டியது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் 'இனிமே டிரைவிங் வேண்டாம் பெரியவரே' என்று சொல்லிவிட்டார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. ஓட்டுவதை விட்டார். ஆனால் தினமும் காலை ஆறரைக்கு வண்டியைத் துடைத்து, ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதை மட்டும் விடவில்லை. அது எஞ்சினுக்கு நல்லதோ இல்லையோ, அப்பாவுக்கு நல்லது. அந்தத் தடதட சத்தம்தான் எங்கள் தெருவுக்கு அலாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூன் மாதம். வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய கெடு. பதினைந்து வருஷம் தாண்டிய கார் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தின மார்ச் வரைக்கும் கட்டணம் 600 ரூபாய். ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து 5,000 ரூபாய்! அதோடு இன்ஷூரன்ஸ், புகை சர்ட்டிஃபிகேட், பசுமை வரி. நான் தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவன். கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு நானூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. எந்தப் பக்கம் கூட்டினாலும் நஷ்டம்.

அக்கவுண்டண்ட் மூளை சும்மா இருக்குமா? ஒரு பழைய இரும்புக்காரரிடம் போனில் விலை கேட்டேன். "முழுசா எடுத்துக்கிறீங்களா, எடை போட்டு எடுத்துக்கிறீங்களா?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் கார் துடைக்கிற மஞ்சள் துணி.

ஒன்றும் சொல்லவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு நின்றது. 'அவன் சாப்பிட்டானான்னு கேளு', 'அவன்கிட்ட கரண்ட் பில் கட்டச் சொல்லு' என்று எல்லாம் அம்மா வழியாகத்தான். பதினாறு நாள். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் அப்பாவிடம் மன்னிப்பு கேட்கும் வழக்கம் உண்டா, சொல்லுங்கள்? அதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்வோம். நான் வண்டியை ரிப்பேர் செய்யக் கிளம்பினேன்!

* * *

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று சில்லறை வேலைகள் பாக்கி இருந்தன. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். செல்போனில் நாலு வீடியோ பார்த்தேன். வீடியோவில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். நமக்கென்ன, அரைநாள் ஆகட்டுமே என்று இறங்கிவிட்டேன்.

வேலை ஒன்று: பேட்டரி டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, திரும்ப மாட்டுவது. வேலை இரண்டு: டீசல் ஃபில்டரை மாற்றுவது. வேலை மூன்று: ஸ்டாப் ஒயரை மாற்றுவது.

இந்த மூன்றாவது சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால் ஸ்பார்க் நின்று எஞ்சின் அணைந்துவிடும். பழைய டீசல் எஞ்சினில் ஸ்பார்க்கே கிடையாது. டீசல் போகும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அணைப்பதற்கென்று டேஷ்போர்டில் ஒரு குமிழ். அதை இழுத்தால் ஒரு கம்பி போய் டீசல் பம்ப்பில் இருக்கும் சின்ன லீவரை இழுக்கும். டீசல் நிற்கும். எஞ்சின் தூங்கும். எங்கள் வண்டியில் அந்த ஒயர் துருப்பிடித்து, அப்பா இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

காலை எட்டு மணிக்குப் பழைய லுங்கியோடு பேனட்டைத் திறந்தேன். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஒரு மணி நேரமாக அதே பக்கத்தில் இருந்ததை நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்து ஒரு பக்கம் திருப்பினார்.

பதினொன்றரைக்கு மூன்று வேலையும் முடிந்தது! ஃபில்டர் மாற்றி, பம்ப் லீவரைக் கையால் அடித்து, ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை நுரையாக வந்த காற்றை வெளியேற்றி, சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கினேன். புது ஸ்டாப் ஒயரைக் கொடிக்கயிறு கட்டுவதுபோல் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, திருகை இறுக்கினேன். தொய்வாக விட்டால் அழகாக இருக்காது அல்லவா? என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லையே! இனிமே மிக்ஸியையும் நீங்களே பாத்துடலாம்ல?" என்றாள்.

சாவியைத் திருப்பினேன். ஹீட்டர் போட்டு அரை நிமிஷம் காத்திருந்தேன். செல்ஃப் அடித்தேன்.

கர்ர்ர்... கர்ர்ர்... கர்ர்ர்...

அவ்வளவுதான். மறுபடி. கர்ர்ர்... கர்ர்ர்... எஞ்சின் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் தும்மல்கூட இல்லை.

திண்ணையில் பேப்பர் இறங்கி, ஒரு கண் தெரிந்தது. பிறகு மறைந்தது.

* * *

நம் ஊரில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தந்தி அடிக்க வேண்டியதில்லை. ஐந்தாவது நிமிஷம் தெருவே வந்துவிட்டது.

"பேட்டரி டவுன்" என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி.

"ஹீட்டர் பிளக் போயிருக்கும்" என்றார் ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர்.

"அண்ணே, டேங்க்ல டீசல் இருக்கா?" என்றான் புல்லட் வைத்திருக்கும் பையன். இருந்தது. பத்து லிட்டர்.

"ஸ்டாப் குமிழ் உள்ளே இருக்கா, பாத்தியா?" என்றார் எதிர்வீட்டு லோடு வண்டிக்காரர். நான் பெருமையாக டேஷ்போர்டைக் காட்டினேன். புது ஒயர். குமிழ் முழுசாக உள்ளே இருந்தது. "அது சரியாத்தான் இருக்கு" என்று அவரும் விட்டுவிட்டார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"தள்ளுவோம்!" என்று ஒரு குரல். யார் சொன்னது என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் எட்டுப் பேர் பின்னால் போய்விட்டார்கள். நான் ஸ்டியரிங்கில். செகண்ட் கியர். தெருமுனை வரை தள்ளி கிளட்சை விட்டால், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. போஸ்ட்மாஸ்டர் பின்பக்க டிக்கியில் மூக்கை இடித்துக்கொண்டார். திரும்பத் தள்ளி, இன்னொரு முனை வரை. மறுபடி குலுக்கல். மூன்றாவது தடவைக்கு எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது. மீதி மூன்று பேர் வண்டியை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

அதற்குள் பேட்டரி நிஜமாகவே டவுன். லோடு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் கடன் வாங்கினோம். எர்த் ஒயர் டைட்டாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நான்கும் சிவந்தன. என் முகமும்.

டீசல் எஞ்சின் ஓட என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். காற்றைச் சிலிண்டருக்குள் இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது பயங்கரமாகச் சூடாகும். சரியான நேரத்தில் அதில் டீசலைப் புகைபோலப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆக, வேகமாகச் சுற்ற வேண்டும், உள்ளே சூடு வேண்டும், டீசல் வர வேண்டும். அவ்வளவே. இந்த எஞ்சினை 1897-ல் ஓட்டிக் காட்டிய ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர், 1913-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது ராத்திரியில் காணாமல் போனார். ஏன் போனார் என்று இன்றுவரை சர்ச்சை. மத்தியானம் ஒன்றரை மணி வெயிலில், கை முழுக்கக் கிரீஸோடு நின்ற எனக்கு அது பெரிய மர்மமாகத் தெரியவில்லை.

"பெட்ரோல் துணி வச்சுப் பாருங்கண்ணே! ஏர் கிளீனரைக் கழட்டிட்டு, பெட்ரோல்ல முக்கின துணியை வாயில பிடிச்சா ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடும்" என்றான் புல்லட் பையன். ஓடிப்போய் ஒரு பாட்டிலில் பெட்ரோலும் கொண்டுவந்துவிட்டான். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. துணியை நனைத்தேன். ஹீட்டரைப் போடுவதற்காகச் சாவியைத் திருப்பப் போனேன்.

"லேய்!"

தெருவே திடுக்கிட்டது. பதினாறு நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்ட முதல் வார்த்தை. பேப்பர் கீழே கிடந்தது. அப்பா நடுங்கும் காலோடு திண்ணையை விட்டு இறங்கியிருந்தார்.

"உள்ள ஹீட்டர் நெருப்பா செவந்து கெடக்கும். பெட்ரோல் ஆவி உள்ள போச்சுன்னா அது நேரம் காலம் பாக்காமப் பத்தும்லே. மூஞ்சில அடிக்கும். எஞ்சினும் ஒடையும். எறி அந்தத் துணிய!"

எறிந்தேன். புல்லட் பையன் பாட்டிலோடு மாயமானான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே போய்விட்டார்.

* * *

மூன்று மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஏதோ சொல்ல வேண்டும் என்றால்தான் அப்படி நிற்பாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லய்யா... அப்பா ஒரு வார்த்த சொல்லுதாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

"என்ன சொல்றார்?"

"நேத்து வரைக்கும் ஓடுன வண்டி. நாளைக்குக் காட்டப் போற வண்டி. இன்னைக்குக் கை வச்சு நின்னுபோச்சுன்னா... 'வேணும்னேதான் செஞ்சிருக்கான், இனி இரும்புக்காரனுக்கு எட போட்டுக் குடுத்துருவான்'ங்காரு."

ரசம் தொண்டையில் இறங்கவில்லை. கணக்கில் ஆயிரம் தப்பு விட்டிருக்கிறேன். மேனேஜர் பத்துப் பேர் முன்னால் திட்டியிருக்கிறார். எதுவும் இப்படி உறைத்ததில்லை. வேணும்னே! நானா! ஆனால் நிதானமாக யோசித்தால், அவர் நிலையில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். போனில் எடை விலை கேட்டவன் நான்தானே?

இப்போது வண்டி ஸ்டார்ட் ஆவது ஆர்.டி.ஓ.வுக்காக இல்லை. நான் அயோக்கியன் இல்லை என்று நிரூபிக்க.

கையைக் கழுவிவிட்டு மறுபடி போனேன். நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, மனைவியை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொட்டு டீசல் வரவில்லை. ஆக, ஃபில்டர் வரை டீசல் வருகிறது. பம்ப்புக்குள் போகிறது. பம்ப்பிலிருந்து வெளியே வரவில்லை. பம்ப் அவுட்! ஒரு பம்ப் ரிப்பேர்க் கடைக்குப் போன் போட்டேன். "கழட்டிக் கொண்டாங்க சார், பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பத்தாயிரத்துக்குக் கொறையாது. மூணு நாள் ஆகும்" என்றார். திங்கள்கிழமை போயிற்று. பத்தாயிரமும் போயிற்று. அப்பா முகத்தில் எப்படி முழிப்பது?

வேறு வழியில்லை. பம்ப்பைக் கழற்றத் துணிந்து பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன். மணி ஐந்தரை.

"புகை வருதா?"

நிமிர்ந்தேன். அப்பா. கையில் டார்ச் லைட். என்னைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா."

"செல்ஃப் அடிக்கையில சைலன்ஸர்ல கொஞ்சங்கூட வரலயா? வெள்ளையாக்கூட?"

"வரலை."

"அப்பம் பேட்டரியும் ஹீட்டரும் என்ன பாவம் பண்ணிச்சு? வெள்ளப் புகை வந்தா டீசல் போகுது, பத்த மாட்டேங்குதுன்னு அர்த்தம். அப்பம் ஹீட்டரப் பாக்கணும், கம்ப்ரஷனப் பாக்கணும். புகையே இல்லன்னா டீசலே உள்ள போகலன்னு அர்த்தம். காலையில பத்து மணி நேரம் சோதிச்சியே, புகையப் பாத்தியால?"

பார்க்கவில்லை. எட்டுப் பேர் பின்னால் நின்று தள்ளினார்களே, அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

"நாசில் நட்டத் தளத்திப் பாத்தேன்ப்பா. டீசல் வரலை. பம்ப் போயிடுச்சுன்னு..."

"பம்ப் ராத்திரி படுக்கையில நல்லாத்தான் இருந்துச்சு. காலையில ஒனக்குப் பயந்து செத்துப்போச்சாக்கும்?" டார்ச்சைப் பம்ப் மேல் அடித்தார். "வண்டி நேத்து ஓடிச்சு. இன்னைக்கு ஓடல. நடுவுல என்ன நடந்துச்சு? நீ கை வச்ச. கடேசியா எங்கன எல்லாம் கை வச்ச? அதச் சொல்லு."

சொன்னேன். டெர்மினல். ஃபில்டர். ஸ்டாப் ஒயர்.

"ஸ்டாப் ஒயரு மாட்டுனியா?" குரல் மாறியது. "மாட்டும்போது குமிழ் உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

"உள்ளதான்ப்பா. உள்ள தள்ளிட்டு, ஒயரைத் தொய்வில்லாம நல்லா இழுத்துப் பிடிச்சு..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கே கேட்டுவிட்டது.

இழுத்துப் பிடித்து! ஒயரை இழுத்தால் எஞ்சின் நிற்கும். நான் ஒயரை இழுத்து, இழுத்த நிலையிலேயே திருகை இறுக்கியிருக்கிறேன். டேஷ்போர்டில் குமிழ் உள்ளே. 'ஓடு' என்கிறது. பம்ப்பில் லீவர் கடைசி வரை இழுபட்டு 'நில்' என்கிறது. காலை பதினொன்றரை மணியிலிருந்து, எட்டுப் பேரை வைத்துத் தள்ளியும், கடன் கரண்ட் வாங்கியும், 'ஓடாதே, ஓடாதே' என்று நானேதான் அந்த எஞ்சினைப் பிடித்துவைத்திருக்கிறேன். அது சொன்ன பேச்சைக் கேட்டுச் சமத்தாக நின்றிருக்கிறது!

"தளத்து" என்றார் அப்பா.

திருகைத் தளர்த்தினேன். லீவர் 'டக்' என்று தன் இடத்துக்குத் திரும்பியது. இப்போதுதான் சரியாக ஒயரைப் பிடித்து, கொஞ்சம் தொய்வு விட்டு இறுக்கினேன்.

"தொய்வு இருந்தா அசிங்கம்னு நெனைக்காத. எதுக்கும் கொஞ்சம் தொய்வு விடணும்" என்றார். ஒயரைப் பற்றித்தான் சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் கேள்வி என் காதிலேயே நின்றது. கடைசியாக எங்கே கை வைத்தேன்? வண்டியில் மட்டுமா?

"அப்பா... அந்த இரும்புக்காரர் விஷயம்... சும்மா விலைதான் கேட்டேன். ஆனா, உங்களைக் கேக்காம கேட்டது தப்பு. இன்னைக்கு இது வேணும்னு செஞ்சதும் இல்லை."

அப்பா டார்ச்சை அணைத்தார். மறுபடி போட்டார். "வேணும்னு செய்யத்தான் ஒனக்குத் தெரியாதே. தெரிஞ்சவன் இப்படியா மாட்டுவான்? ஒயரப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு." ஒரு விநாடி விட்டு, "நாலு நட்டையும் தளத்து. ஏர் போகட்டும். கைய அதுக்கு நேரா வைக்காத. அந்த அழுத்தத்துல தோலக் கிழிச்சுட்டு உள்ள போகும்" என்றார்.

லோடு வண்டிக்காரர் மறுபடி ஒயர் கொடுத்தார். பம்ப் மேல் உள்ள திருகுகளைத் தளர்த்தி அங்கேயும் காற்றை எடுத்தோம். நாசில் நட்டு நான்கும் தளர்ந்திருக்க, அம்மாதான் சாவியைத் திருப்பினாள். முப்பது வருஷ வாழ்க்கையில் முதல் தடவை! பத்து விநாடி அடி, நிறுத்து, ஆறவிடு என்று அப்பா கணக்குச் சொன்னார். ஒவ்வொரு நட்டிலும் முதலில் நுரை, பிறகு துளித்துளியாக டீசல். இறுக்கினேன்.

அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை. ஹீட்டர் போட்டார். முன்னால் இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது விநாடி. செல்ஃப்.

கர்ர்ர்... டுப். வெள்ளைப் புகை. டுப்... டுப் டுப்... ஒரு சிலிண்டர், இரண்டு, மூன்று. வண்டி தலையிலிருந்து கால் வரை குலுங்கியது. பிறகு, தடதடதடதட!

அண்ணாச்சி கடையிலிருந்து கை தட்டினார். போஸ்ட்மாஸ்டர் மூக்கில் பிளாஸ்திரியோடு வாசலுக்கு வந்தார். "நான்தான் சொன்னேனே, ஹீட்டர்னு!" என்றார். யாரும் மறுக்கவில்லை. மனுஷன் பாவம், ரத்தம் சிந்தியிருக்கிறார்.

அப்பா அஞ்சு நிமிஷம் ஓடவிட்டார். ஸ்டாப் குமிழை இழுத்தார். ஒரு விரலிலேயே வந்தது. எஞ்சின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி இழுத்தார். "ஒயரு நல்லா இருக்குலே" என்றார். அதுதான் எனக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை.

பிறகு அவராகவே கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு போய், இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நீ எடு. பேட்டரி சார்ஜ் ஏறட்டும். வண்ணார்பேட்டை வரைக்கும் போயிட்டு வருவோம்."

போனோம். ஜூன் மாதச் சாரல் காற்று. ஆற்றுப் பாலத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். வண்டியை அணைக்காமலே டீ குடித்தோம். அன்றைக்கு அணைக்க இருவருக்குமே தைரியமில்லை.

* * *

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி, 2027 வரைக்கும் சீல் வாங்கியது. அதுவரைக்கும் அப்பாவுக்குக் காலை ஆறரை மணி வேலை பர்மனென்ட். கட்டிய ஐயாயிரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்தேன். செலவில் எழுத மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் ஆபீஸ் வாழ்க்கையும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றால் முன்பெல்லாம் முதல் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பிப்பேன். இப்போது, நேற்று டேலி ஆயிற்றே, இன்றைக்கு நான் கடைசியாக எங்கே கை வைத்தேன் என்று மட்டும் பார்க்கிறேன். பத்தில் எட்டு தடவை தப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆபீஸில் நண்பர் திடீரென்று பேசாமல் போனாலும் அதே கேள்விதான். அங்கேயும் பத்தில் எட்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து குரல். "என்னங்க, நேத்து மிக்ஸியைச் சரி பண்றேன்னு பிரிச்சு மாட்டினீங்களே... இப்ப சுத்தவே மாட்டேங்குது!"

பயப்படவில்லை. ஸ்பானரையும் தேடவில்லை. நிதானமாக எழுந்து போகிறேன், கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பார்க்க. டார்ச் லைட்டோடு அப்பா எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்.